நாற்காலியைத் தள்ளி வைத்த நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் மகள் தேறிவிட்டாள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. நாவலின் இரண்டாம் வரைவை முடித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று இருந்தேன். முடித்த பிறகு, உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருப்பது தெரிந்தது. அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மேலும் சில வாரங்கள் ஓடிவிட்டன.

பள்ளியின் இறுதி ஆண்டுகளில் இருக்கும் இளையோருக்கான நாவல் என்று முன்பே சொல்லியிருந்தேன், கதையைச் சொல்லவில்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி, தன் உயிர்த்தோழி அவளை மட்டும் நம்பி அனுப்பிய குரல் பதிவு ஒன்றை வகுப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுகிறாள். அந்தத் தோழிக்குத் திக்குவாய். பேச்சுப் போட்டிக்காகத் தனியாகப் பயிற்சி செய்து, முதன்முறையாக ஒரு பத்தியை முழுவதும் பேசி முடித்த மகிழ்ச்சியில் அவள் அனுப்பிய பதிவு அது. அடுத்த சில நிமிடங்களில் சிரிப்புப் படங்கள் வந்து குவிகின்றன. நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் படிக்கும்போதே உனக்குப் புரிந்திருக்கும். நம் காலத்தில் வாட்ஸாப் இல்லை. வகுப்பறையும் என் வாயும் போதுமானவையாக இருந்தன. நீ பாடம் வாசித்துவிட்டு உட்கார்ந்த பிறகு, ஆசிரியர் வெளியே போன நேரத்தில், நான் எழுந்து நின்று உன்னைப் போலவே திக்கித் திக்கி வாசித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக் கழற்றுவதும் மீண்டும் மூடுவதுமாக இருந்தாய். அந்த விரல்களை நான் மறக்கவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்ற கேள்விக்கு, முதல் வரைவில் அந்தப் பெண்ணைப் பொறாமை பிடித்தவளாக எழுதிச் சுலபமாக விடை சொல்லிவிட்டேன். அது பொய் என்று எழுதும்போதே உறுத்தியது. எனக்கு உன்மேல் பொறாமை இருந்ததில்லை. பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. 306 பேரை மூன்று வயதுப் பிரிவுகளாக வைத்துக் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை ஆடச் செய்திருக்கிறார்கள். 13 முதல் 16 வயது வரையிலானவர்கள், கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனியாக ஆடுவதைக் காட்டிலும் மிக அதிகமான ஆபத்துக்குத் துணிந்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அப்படிப்பட்ட வேறுபாடு இல்லை. அதைக் காட்டி என் தவற்றைக் குறைத்துக்கொள்ள நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று வகுப்பு காலியாக இருந்திருந்தால் நான் எழுந்து நின்றிருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான். இரண்டாம் வரைவில் அந்தப் பெண் கெட்டவள் அல்லள். தன்னைச் சிலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகவே ஒரு பொத்தானை அழுத்தியவள். ஒரு மணி நேரம் கழித்துப் பதிவை நீக்கிவிடுகிறாள். அதற்குள் அது எத்தனை பேரின் கைப்பேசியில் இறங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. என் குரல் அந்த வகுப்பறையோடு கரைந்துபோனது. அவள் செய்தது கரைந்துபோக வழியே இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு மறுவாய்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால், எழுதுவதை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

மறுவாய்ப்பைச் சொல்லும் இளையோர் நாவல்களை இந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன். லாரன் ஆலிவர் 2010இல் வெளியிட்ட ‘பிஃபோர் ஐ ஃபால்’ நாவலில், விபத்து நேரும் தன் கடைசி நாளையே கதாநாயகி ஏழு முறை வாழ்கிறாள். ஒவ்வொரு முறையும் தன் முந்தைய நடத்தையைக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொள்கிறாள். அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. என்றாலும் என் கதை நடப்பியல் கதை, அதில் அதே நாள் திரும்பி வராது. என் பெண்ணுக்கு மறுநாள் காலையில் பள்ளிக்குப் போய், தோழி தனக்குப் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு வேறு வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்ப்பதுதான் விதித்திருக்கிறது.

முதல் வரைவின் முடிவில் அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறாள், தோழி கட்டியணைத்துக்கொள்கிறாள். அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். அவ்வளவு அவமானத்தைத் தாங்கியவளையே, தவறு செய்தவளைத் தேற்றும் வேலைக்கும் அனுப்பியிருந்தேன். இப்போதைய வடிவில் மன்னிப்பைக் கேட்கவே அவளுக்கு நூறு பக்கங்கள் ஆகின்றன. கேட்டதும் தோழி, “சரி, கேட்டுக்கொண்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகும் கதை நகர்கிறது. அதே குழுவில் இன்னொரு மாணவனின் புகைப்படத்தை வைத்துக் கேலி தொடங்கும்போது அவள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, இதை நிறுத்துங்கள் என்று ஒரே வரி எழுதுகிறாள். தோழி அதைப் பார்த்தாளா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. யாருடைய பாராட்டும் இல்லாமல் அவள் மாற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். அன்றைக்குப் பிறகு எட்டு மாதங்கள் நீ என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் நூலகத்தில் உட்கார இடம் தேடி நான் நின்றுகொண்டிருந்தபோது, நீ புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, எதிரே இருந்த நாற்காலியைக் காலால் லேசாகத் தள்ளி வைத்தாய். நான் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளாக அதை உன் மன்னிப்பாகவே எண்ணி வந்திருக்கிறேன். இந்த நாவலை எழுதும்போதுதான், அதை நான் உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது உறைத்தது. ஒருவேளை அன்று நீ வெறும் நாற்காலியைத்தான் தள்ளினாயோ என்னவோ. அந்த எட்டு மாதங்களைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. அன்று செய்ததற்காக இப்போது கேட்கிறேன்: என்னை மன்னித்துவிடு.

நாவலில் தோழியின் பார்வையில் அமைந்த அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அதை நான்கு முறை எழுதியும் ஒவ்வொரு முறையும் அவள் என் வசதிக்கேற்பவே நினைக்கிறாள். கையெழுத்துப் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், 11ஆம் அத்தியாயம். படிக்க விருப்பம் இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு, காரணம் கேட்க மாட்டேன். நம்முடையது வெளியே வர வேண்டாம் என்று நீ நினைத்தாலும் சொல், நாவலை நிறுத்திவிடுகிறேன். படித்தாயானால், அவள் அப்படி நினைத்திருக்க மாட்டாள் என்று உனக்குத் தோன்றும் இடங்களிலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பு. விளக்கம் எழுத வேண்டாம், கோடு போதும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்