இரண்டு பிழை, ஒரு வாக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஊசியிலை மரக் கட்டுரையில், ‘பசுங்கணிக டி.என்.ஏ. எல்லாத் தாவரங்களிலும் தாய்வழியே வரும், ஆகவே ஒரே காட்டில் மரத்துக்கு மரம் வேறுபாடு தேடிப் பயனில்லை’ என்று ஒரு வரி. இரண்டு பிழைகளை ஒரே வாக்கியத்தில் அடக்கிய சிக்கனம் பாராட்டத்தக்கது.

பைனிலும் டக்ளஸ் ஃபிரிலும் பசுங்கணிகம் (தனக்கென டி.என்.ஏ. வைத்திருக்கும், இலையின் பச்சை நுண்ணுறுப்பு) மகரந்தத்தோடு தகப்பன் மரத்திலிருந்து வருகிறது. இது 1980-களிலேயே தெரிந்த சேதி, தாங்கள் அறியாததல்ல. பைன் குடும்பத்தில் தாய்வழி வருவது மைட்டோகாண்ட்ரியா. கலிஃபோர்னியாவின் கடற்கரை ரெட்வுட்டில் அதுவும் தகப்பன் வழிதான். மகரந்தம் காற்றில் போவதால், பக்கத்துப் பக்கத்து மரங்கள்கூட வெவ்வேறு தகப்பன்களின் பசுங்கணிகத்தைச் சுமக்கலாம். வட அமெரிக்கச் செம்பைனில் நொதிச் சோதனைகள் ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. 1998-இல் பசுங்கணிக மைக்ரோசாட்டிலைட்டுகள், அதாவது டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகள், வேறுபாட்டைக் காட்டின. கலிஃபோர்னியாவின் அரிய டோரி பைனில் 1991-இல் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அது தேடிப் பார்த்துச் சொன்ன முடிவு.

டி.என்.ஏ. எடுக்கக் கட்டுரையோடு தந்த செய்முறைப் பெட்டி இன்னும் மோசம். ‘விதையை முழுதாக அரைக்கவும்’ என்கிறது. பைன் விதையின் கருவூண் தாய்மரத்தின் திசு, அதில் இருப்பது தாய்மரத்தின் பசுங்கணிகம். கருவில் இருப்பது தகப்பனுடையது. சேர்த்து அரைத்தால் இரண்டும் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் போகும். ஊறவைத்து, ஊசியால் கருவைத் தனியே எடுக்க வேண்டும். இலை என்றால் இளம் ஊசியிலையாகப் பறித்து உடனே சிலிக்கா ஜெல்லில் உலர்த்தவேண்டும்; டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேர்க்காவிட்டால், இலையின் பாலிஃபீனால் டி.என்.ஏ.வைப் பழுப்பாக்கிவிடும், பிறகு டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். ஓடாது.

அந்த மைக்ரோசாட்டிலைட் துண்டுகளின் நீளம் அளப்பதிலும் கண்ணி உண்டு. அடுத்தடுத்து வரும் ‘ஏ’ எழுத்துகளில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோதான் அங்கே வேறுபாடு. பி.சி.ஆரில் படியெடுக்கும் டாக் நொதி தன் பங்குக்கு முனையில் ஓர் ‘ஏ’வைச் சில படிகளில் ஒட்டி, சிலவற்றில் ஒட்டாமல் விட்டால், ஒரே மரம் வரைபடத்தில் இரு சிகரம் காட்டும். எல்லாப் படிகளிலும் அந்த ‘ஏ’ ஒட்டிவிடும்படி பி.சி.ஆரின் கடைசி நீட்டிப்பை 30 நிமிடம் விட்டு, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு தெரிந்த மரத்தையும் சேர்த்து ஓட்டவேண்டும். நீளம் ஒன்றாயிருந்தால் வம்சமும் ஒன்று என்பதில்லை. வெவ்வேறு வழியில் அதே நீளம் வரலாம். பெட்டியில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

போன ஆண்டு பைன் என்று சவுக்குத் தோப்பின் படத்தைப் போட்டீர்கள். சவுக்கு பூக்கும் தாவரம் ஐயா. ‘பைன் பழம்’ என்றும் எழுதினீர்கள்; பைனுக்குப் பழம் கிடையாது, கூம்புதான். திருத்தம் வந்ததாக நினைவில்லை.

அதிகம் கேட்கவில்லை. அடுத்த இதழில் ‘எல்லாத் தாவரங்களிலும் தாய்வழி’ என்பதைப் ‘பைன் குடும்பத்தில் தகப்பன்வழி’ என்று ஒரு வரியில் திருத்தினால் போதும். இடமில்லையென்றால் பக்க எண்ணுக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்