கோழி எருவை மட்க வைத்த பிறகே விற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உர விலை ஏற ஏறக் கடலூர் மாவட்ட விவசாயிகள் கோழி எருவை நாடத் தொடங்கியிருப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சியான மாற்றம்தான். ஆனால் பண்ணையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் பச்சைக் கழிவும் முறையாக மட்கிய எருவும் ஒன்றல்ல என்பதை அச்செய்தி குறிப்பிடவில்லை. அந்த வேறுபாட்டை நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

குறிஞ்சிப்பாடி வட்டத்தில் உள்ள எங்கள் கொல்லை மணற்பாங்கான செம்மண். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கறிக்கோழிப் பண்ணையிலிருந்து ஒரு லோடு கழிவு வாங்கி, அடியுரமாக இறைத்து உழுது, பத்தே நாளில் கத்தரி நாற்றை நட்டேன். ஒரு வாரத்துக்குள் இலை ஓரங்கள் கருகி, பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறிக் கிடந்தது. பாதிக்கு மேல் நாற்று போய்விட்டது. கோழி எச்சத்தில் உள்ள தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது என்பதும், ஈரம் பட்டவுடன் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றிவிடுவதால் அந்த அம்மோனியாவும் எச்சத்தில் உள்ள உப்பும் சேர்ந்து இளம் வேரைச் சுட்டுவிடும் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்காகக் கோழி எருவை நான் கைவிடவில்லை. தொழு உரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. கோழி எருவிலோ சுமார் 3 விழுக்காடு தழைச்சத்தும், 2.6 விழுக்காடு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 1.4 விழுக்காடு சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) உண்டு. மாடுகள் குறைந்துபோன ஊர்களில் இதை விட்டால் வேறு வழியும் இல்லை. நாற்று கருகிய அதற்கு அடுத்த ஆண்டு முதல் பண்ணைக் கழிவை வைக்கோல், மணிலா (வேர்க்கடலை) ஓடு, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றோடு அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைக்கிறேன். கோழி எச்சத்தில் தழைச்சத்துக்கு ஏற்ற கரிமச்சத்து (கார்பன்) இல்லை; ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால்தான் குவியல் ஒழுங்காக மட்கும் என்பதால் இந்தக் கலப்பு அவசியம். பிடித்துப் பார்த்தால் கையில் ஈரம் ஒட்ட வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் வைத்து அவ்வப்போது புரட்டிவிட்டால் குவியலின் உட்சூடு 55 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தச் சூடு தொடர்ந்து பல நாள்கள் நீடித்தால் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். மணிலாவுக்கு வாங்கியதில் மீதமிருந்த ஜிப்சத்தை அடுக்குகளின் நடுவே தூவுகிறேன். காற்றில் பறந்துபோகும் அம்மோனியாவில் ஒரு பகுதியையாவது அது பிடித்து வைக்கிறது. சுமார் மூன்று மாதத்தில் மண்வாசனையுடன் கருநிற எரு கிடைத்துவிடும். நம்புவதற்கு முன் ஒரு தொட்டியில் மண்ணோடு அதைக் கலந்து பச்சைப்பயறு விதைத்துப் பார்க்கிறேன். முளை கருகாமல் வந்தால்தான் கொல்லைக்குப் போகும்.

என் கவலை கத்தரியோடு நிற்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் சாலையோரத்திலும் வயல்மேட்டிலும் மூடாமல் கொட்டி வைக்கப்படும் கழிவில் ஈக்கள் பெருகுகின்றன. மழை பிடித்தவுடன் அதன் சத்தெல்லாம் கரைந்து ஏரிக்கும் கிணற்றுக்கும் போகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி வரையிலான கடலோர மணல் நிலத்தில் தழைச்சத்திலிருந்து உண்டாகி நீரில் கரைந்த நைட்ரேட் தடையின்றிக் கீழே இறங்கும். நாம் குடிப்பதும் அந்த நிலத்தடி நீரைத்தான். கீரையும் முள்ளங்கியும் பயிரிடுவோர் பச்சைக் கழிவைப் போடுவது இன்னும் ஆபத்து. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில், விளைபொருள் மண்ணைத் தொடும் பயிர் என்றால், மட்காத எரு இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள்கள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுகிறதே!

மட்கிய எருவையும் ஆண்டுதோறும் கணக்கில்லாமல் போடக் கூடாது. தழைச்சத்துத் தேவை முழுவதையும் இதைக் கொண்டே ஈடுகட்டினால் மணிச்சத்து மண்ணில் மிதமிஞ்சிச் சேர்ந்து, பயிர் துத்தநாகத்தை எடுப்பதைத் தடுக்கும். ஆகவே மண் பரிசோதனை செய்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

பண்ணையாளர்களும் எரு வியாபாரிகளும் பச்சைக் கழிவு எது, மட்கிய எரு எது என்று எழுதிக் கொடுத்து விற்குமாறு வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தனியாக மட்க வைக்க இடமும் ஆளும் இல்லாத சிறு விவசாயிகளுக்கு, ஊராட்சி அளவில் கூரை போட்ட பொதுக் களம் ஒன்று இருந்தால் போதும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் விருத்தாசலம் வட்டார ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரி விவசாயிகளுக்கு அருகில் உள்ளது. இந்நிலையங்கள் கோழிக் கழிவை மட்க வைக்கும் முறையைக் கிராமங்களுக்கே வந்து செய்து காட்ட வேண்டுகிறேன். ஆடிப்பட்டத்துக்கு எரு தயாராக வேண்டுமானால் சித்திரையிலேயே குவியல் போட்டாக வேண்டும் என்பதால், அந்தச் செயல்விளக்கம் பங்குனி முடிவதற்குள் நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன், விவசாயி,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்