அடித்துவிட்ட வார்த்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

ஹாம்பர்கில் மிஷாயேலிஸ் தேவாலயத்துப் படம் அனுப்பியிருந்தாயே, அதன் நிலவறையில்தான் கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாஹ் அடக்கமாகியிருக்கிறார். பெரிய பாஹ், அதாவது இசையமைப்பாளர் ஜோஹான் செபாஸ்டியன் பாஹின் மகன். 1768-ல் அந்த ஊருக்கு வந்தவர், 1788-ல் அங்கேயே காலமானார். அடுத்த தடவை போனால் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வா.

நீ தாத்தாவைப் பற்றி ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறாய். எமானுவேலுக்கும் தன் அப்பாவைப் பற்றி அப்படித்தான் கேள்விகள் வந்தன. கேட்டவர் கோட்டிங்கனில் இருந்த ஃபோர்கெல், இசைக்கோட்பாடும் வரலாறும் எழுதியவர். 1774 கடைசியிலும் 1775 ஜனவரியிலும் மகன் பதில் எழுதினார். அப்பா போய் அப்போது 24 வருஷம்.

வீடு புறாக்கூடு மாதிரி எப்போதும் கலகலவென்று இருக்கும், அப்பாவுக்குக் கடிதம் எழுத நேரம் இருக்காது என்கிறார். அவர் வாத்தியத்துக்கு வேறு யார் சுருதி சேர்த்தாலும் அவருக்குப் பிடிக்காதாம். ஆர்கன் என்பது குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் பெரிய தேவாலய வாத்தியம். புதிதாக ஒன்றைச் சோதிக்கப் போனால், முதலில் அதன் நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டு முழக்குவாராம். செய்தவர்கள் முகம் வெளுத்துவிடுமாம்.

ஃபியூக் என்றால் ஒரே மெட்டைக் குரல் குரலாக எடுத்துப் பின்னுவது. ஒரு ஃபியூகைக் கேட்கும்போது முதல் குரல்கள் நுழைந்ததுமே, இனி இதில் என்னென்ன செய்யலாம் என்று பக்கத்தில் நிற்கும் மகனிடம் சொல்வாராம். சொன்னபடியே வந்துவிட்டால் சந்தோஷத்தில் மகனை ஒரு இடி இடிப்பாராம். அறுபது வயதில் அந்த இடியை நினைத்து எழுதுகிறார், கண்ணு. அந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை.

உன் முதல் கேள்வி, தாத்தாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது. எமானுவேல், அப்பா விரும்பிக் கற்ற மேதைகளின் பெயர்களை வரிசையாக எழுதும்போது 'அவருடைய ஆசிரியர் ப்யோம்' என்று எழுதிவிட்டார். பிறகு ஆசிரியர் என்பதை அடித்துவிட்டு, லூனபர்க் ஆர்கன்காரர் என்று மாற்றினார். அப்பா சொந்த யோசனையாலேயே ஃபியூக் எழுதக் கற்றார் என்பதும் அவர் எழுதியதுதான். பொய் சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவைப் பெரிதாகவே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். ஆனால் 2006-ல் வைமார் நூலகத்திலிருந்து ஒரு கைப்பிரதி வெளியே வந்தது. உங்கள் ஹாம்பர்க் ஆர்கன்காரர் ராய்ன்கெனின் இசையைப் பெரிய பாஹ் பதினைந்து வயதில் பார்த்து எழுதியது. ப்யோமிடம், லூனபர்கில், 1700 என்று தன் கையாலேயே குறித்திருக்கிறார்.

தாத்தாவின் ஆர்மோனியம் தானாக வந்த வித்தை என்று நானும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். ராத்திரி கடையைச் சாத்தியபின், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்துக்காட்டுவாராம். என் அப்பா அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார், வாத்தியார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் நம் வீட்டுப் படி ஏறினால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அப்பா எழுந்து நிற்பார்.

மீதிக் கேள்விகளுக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் அம்மா