வைக்கோல் கட்ட உழவு இயந்திரம் வாங்கவிருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உமது கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஏழு வருடங்கள் வெளிநாட்டில் உழைத்த காசோடு அக்கராயனுக்குத் திரும்பி, எட்டுப் பசுக்களை வாங்கிக் கட்டி, தகப்பனின் ஆறு ஏக்கர் வயலையும் பொறுப்பெடுத்திருக்கிறீர். வைக்கோல் கட்டும் தொழிலுக்காக உழவு இயந்திரம் வாங்க நினைக்கிறீர் என்றும், புதிதாக எடுப்பதா பழையதை வாங்குவதா என்பதில் மனம் தடுமாறுகிறது என்றும் எழுதியிருந்தீர். இதே கேள்வியை இந்த மாரியில் வேறு நான்கைந்து பேரும் என்னிடம் கேட்டுவிட்டதால், உமக்கு எழுதும் பதிலை எல்லோரும் வாசிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ வைக்கோல் என்று வைத்தால், எட்டுப் பசுக்களுக்கு நான்கு மாதங்களுக்கு 4,800 கிலோ வேண்டும். உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி வைக்கோல் கட்டும் பேலர்களில் சின்ன உருளைப் பேலர் கட்டும் கட்டு ஏறக்குறைய 15 கிலோ வரும் என்பதால், அது 320 கட்டு. எங்கள் வயல்களில் நெல் அறுக்கும் வெட்டு மெசின் போன பிறகு ஏக்கருக்கு நாற்பது தொடக்கம் அறுபது கட்டு வரை எடுத்திருக்கிறேன். ஆகவே உமது மாடுகளுக்கு வேண்டியது உமது ஆறு ஏக்கரிலும் பக்கத்து வயல் ஒன்றிலுமே கிடைத்துவிடும். அதற்கு உழவு இயந்திரம் தேவையில்லை, இரண்டு நாள் வாடகைக்கு ஒரு பேலரைக் கூப்பிட்டால் போதும். இயந்திரம் வாங்குவது பிறருக்குக் கட்டிக் கொடுத்துச் சம்பாதிப்பதற்குத்தான் என்பதை மனதில் தெளிவாக வைத்துக்கொள்ளும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி புதியதா பழையதா என்பதல்ல, வருடத்தில் எத்தனை ஏக்கர் வேலை உமக்கு உறுதியாகக் கிடைக்கும் என்பதே.

வேலை இல்லாமல் போகாது. மாரி மழையோடு காலபோகம் விதைத்த பின் வன்னியில் மாட்டுக்கு மேய்ச்சல் தரை எங்கே இருக்கிறது? வயலெல்லாம் பயிர், காட்டோரமெல்லாம் எல்லைக்கல். ஐப்பசி தொடக்கம் தை வரை பட்டிக்காரர் மாட்டை எங்கே சாய்ப்பதென்று தெரியாமல் அலைகிறார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. எங்கள் பக்கத்தில் நான் கண்டவரை, முதலில் விழுந்தவை வயிறொட்டி நின்ற மாடுகளே. அதே வருடம் மாசியில் அதே ஊர் வயல்களில் வைக்கோலை நெருப்பு வைத்துக் கொளுத்தியதையும் நான் பார்த்தேன். அந்த இரண்டு காட்சிகளும் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆகவே நீர் இந்தத் தொழிலில் இறங்குவதை முழு மனதோடு விரும்புகிறேன்.

ஆனால் இந்தத் தொழிலுக்குக் காலம் மிகவும் குறைவு. காலபோக அறுவடை தைக் கடைசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்துவிடும். கோடையில் செய்யும் சிறுபோகமோ குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து ஏக்கர் பிரித்துக் கொடுக்கும் விஷயம், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. வெட்டு மெசின் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போன வைக்கோல் இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருக்கக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். காலைப் பனி உலர்வதற்குப் பத்து மணியாகும். பொழுது சாய மறுபடியும் ஈரம் இறங்கும். இதற்கு நடுவே மாசியில் ஒரு மழை வந்தால் கிடக்கிற வைக்கோல் கறுத்துப்போகும். ஆகவே ஒரு வருடச் சம்பாத்தியம் நாற்பது ஐம்பது நாட்களுக்குள், அந்த நாட்களிலும் ஆறேழு மணித்தியாலங்களுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் இயந்திரம் நிற்கக் கூடாது. மற்றப் பத்து மாதங்களில் அது நின்றாலும் உம்மைக் கடனில் தள்ளக் கூடாது. புதியதும் பழையதும் தருகிற தொல்லை இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. இரண்டையும் நான் அனுபவித்தவன்.

2013 இல் லீசிங்கில் புத்தம் புதிய இயந்திரம் ஒன்றை எடுத்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லாத இயந்திரம். ஆனால் அந்தக் காலபோகத்துக்கு மழை பொய்த்தது. 2014 இன் வறட்சியில் வடக்கு முழுவதும் வயல்கள் காய்ந்தன. உழவும் இல்லை, அறுவடையும் இல்லை, வைக்கோலும் இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. மூன்று தவணை பிந்தியதும் கம்பனிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். உமது மாமியின் தாலிக்கொடி அந்த வருடம் அடகுக்குப் போனது. மீட்க நான்கு வருடங்கள் எடுத்தன. நெல்லுக்காசு வருடத்தில் இரண்டு தடவை வருகிற ஊரில், மாதத் தவணைக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன், ஒரு போகம் முழுவதும் பொய்த்தாலும் கட்டுவதற்குக் கையில் காசு இருக்கிறதா என்று பாரும்.

அந்த இயந்திரத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, 2017 இல் பழையது ஒன்றை வாங்கினேன். பூச்சுப் புதிது, ரயர் புதிது, எஞ்சின் சத்தம் தெளிவு. உழவில் ஓடிப் பார்த்தேன், நன்றாக இழுத்தது. வைக்கோலில் இறங்கிய நான்காம் நாள் பேலரைச் சுழற்றும் பின்தண்டின், அதாவது பீ.ரீ.ஓ.வின், பக்கக் கிளச் வழுக்கத் தொடங்கியது. அதைக் கழற்ற இயந்திரத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கராஜில் பிரித்துப் போட்டிருந்தபோது மழை வந்தது. முப்பது ஏக்கருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அத்தனையும் வயலிலேயே அழுகியது. நான் விட்ட பிழை, வைக்கோலுக்கு வாங்கும் இயந்திரத்தை உழவில் சோதித்ததுதான்.

அதனால் இந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பேலருக்கு உயிர் கொடுப்பது பின்னால் சுழலும் பீ.ரீ.ஓ. தண்டு. அது நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழல வேண்டும். வண்டியை நிறுத்தினாலும் தண்டு சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்பதே வைக்கோல் வேலையின் தனித் தேவை. உருளைப் பேலரில் கட்டு நிறைந்ததும் வண்டியை நிறுத்தி, தண்டு ஓட ஓட நூல் சுற்ற வேண்டும். வைக்கோல் குவியலாக வாய்க்குள் போனால், வண்டியை நிறுத்தி அதை விழுங்க விட வேண்டும். ஒற்றைக் கிளச் உள்ள இயந்திரத்தில் பெடலை மிதித்தால் சில்லும் நிற்கும், தண்டும் நிற்கும். அதை வைத்து ஒரு வரிசைகூட ஒழுங்காகக் கட்ட முடியாது. சதுரக் கட்டுப் பேலர் என்றால் இன்னும் மோசம்: அதன் கனத்த சுழற்சக்கரம் தான் சுழன்ற வேகத்தால் தண்டு வழியாக வண்டியையே முன்னே தள்ளும். இரட்டைக் கிளச் உள்ளதில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் தண்டும் நிற்கும். பழைய மாஸி ஃபேர்குசன் 135 இலும் 240 இலும் இந்த இரட்டைக் கிளச் உள்ளவை உண்டு; ஆனால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம், உட்கார்ந்து மிதித்தே பாரும். புதியவற்றில் பீ.ரீ.ஓ.வுக்கென்று தனிக் கிளச்சே வருகிறது. புதியதன் பக்கம் சொல்லக்கூடிய மிகப் பெரிய நியாயம் என் பார்வையில் அதுதான்.

குதிரைவலு நாற்பத்தைந்து போதும். ஐம்பதுக்கு மேல் போனால் டீசல்தான் கூடக் குடிக்கும். எங்கள் தரை சமதரை, மலைச்சரிவில் பேலரைப் பிடித்து நிறுத்த வேண்டிய தேவை இங்கே இல்லை.

பழையதைப் பார்க்கப் போகும்போது அது வன்னி இயந்திரம் என்பதை மறவாதீர். போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்தின் பின் 2010 தொடக்கம் லீசிங்கிலும் உதவித் திட்டங்களிலும் இங்கே ஏராளமான இயந்திரங்கள் வந்தன. இந்திய அரசு மட்டும் வடக்குக்கு 500 கொடுத்தது. அந்தக் காலத்து இயந்திரங்கள்தான் இப்போது விலைக்கு வருகின்றன, பெரும்பாலானவை இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் இறங்கியவை. சேற்றுழவில் அச்சு வரை தண்ணீருக்குள் நிற்கும் இயந்திரத்துக்கு ஒயில் சீல் தேய்ந்தால், தண்ணீர் உள்ளே போய்ப் பற்சக்கரங்களையும் பெயாரிங்குகளையும் மெதுவாகத் தின்னும். பின்பக்க ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாரும். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடும். முன் சில்லைத் தூக்கி ஆட்டிப் பாரும். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளக் கூடாது. பீ.ரீ.ஓ. தண்டின் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. இதை இயந்திரம் நிற்கும்போது மட்டும் செய்யும். மணி காட்டும் மீற்றரை நம்பாதீர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமாவது பேலரை வாடகைக்கு எடுத்துப் பூட்டி, உண்மையான வைக்கோலில் ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால், காரணம் கேட்கத் தேவையில்லை.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் இயந்திரத்தில் தேய்த்துத் துடைத்து ஒப்பிடும். 2009 இல் போரின் கடைசியில் சனம் உழவு இயந்திரங்களை வழியெல்லாம் விட்டுவிட்டு நடந்த ஊர் இது. எஞ்சின் ஒருவருடையது, பெட்டி ஒருவருடையது, புத்தகம் இன்னொருவருடையது என்று எத்தனையோ இயந்திரங்கள் ஓடித் திரிந்தன. தன் இயந்திரத்தைச் சந்தையில் கண்டு அடையாளம் சொன்ன மனிதரோடு நானும் நின்றிருக்கிறேன். அப்படியான ஒன்றுக்கு நீர் காசு கொடுப்பதை நான் விரும்பவில்லை. லீசிங் முடிந்த கடிதத்தையும் கேட்டு வாங்கும்.

என் முடிவை இனிச் சொல்கிறேன். உழவுக்கும் சேர்த்து, இரண்டு போகத்திலும் நூறு ஏக்கருக்குக் குறையாத வேலையை நீர் கையில் வைத்திருந்தால் புதியதை எடும், நான் தடுக்க மாட்டேன். இல்லையென்றால், ஒரே கையில் ஓடிய, ஊரில் எல்லா மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டத் தெரிந்த, பாகம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அன்றைக்கே கிடைக்கக்கூடிய பழைய இயந்திரம் ஒன்றை முழுக்காசு கொடுத்து வாங்கும். மிச்சக் காசில் பேலரைப் புதிதாக வாங்கும். நான் விசாரித்த அளவில் புதிய உழவு இயந்திரம் ஒன்றின் விலைக்குள் இந்த இரண்டும் அடங்கிவிடும். பழைய உழவு இயந்திரத்தின் வருத்தங்கள் எங்களுக்குப் பழகியவை. பழைய பேலரின் நூல் சுற்றும் பகுதி பழுதானால் திருத்துவதற்கு ஆளைத் தேடியே போகம் முடிந்துவிடும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது, இறக்குமதிப் பாகங்கள் மட்டுமே பொருந்தும் இயந்திரங்கள் பட்டறைகளில் மாதக்கணக்காக நின்றதை நினைத்துத்தான் பாகம் கிடைப்பதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றை உமது அம்மாவின் தமையனாகச் சொல்கிறேன். 540 சுற்று என்றால் ஒரு செக்கனுக்கு ஒன்பது சுற்று. தண்டுக்கு மேல் மூடி இல்லாத இயந்திரத்தின் பின்னால் சாரம் கட்டிக்கொண்டு ஒருவரும் நிற்கக் கூடாது. துணி சுற்றினால் கத்துவதற்கும் நேரமில்லை. பழையதை வாங்கினால் பெரும்பாலும் அந்த மூடி தொலைந்திருக்கும். முதற் செலவாக அதைப் பூட்டும். பதரும் தூசியும் ரேடியேற்றரை அடைக்கும், ஒவ்வொரு வயல் முடிவிலும் தட்டித் துடைக்க வேண்டும். புகைக்குழாய் மேல்நோக்கி நிற்பதாக இருக்கட்டும், ஒரு கான் தண்ணீர் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் தன் 240 ஐ விற்கப்போவதாகச் சொன்னார். அவர் வாங்கி ஓட்டியது மட்டும்தான், கைமாறவில்லை. சேற்றுக்குள் அதிகம் இறக்கவுமில்லை. இரட்டைக் கிளச் என்று சொல்கிறார், மிதித்துப் பார்த்தால் தெரியும். தைப்பொங்கலுக்கு முதல் வாரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எப்படிப் பற்றுகிறது என்று பார்க்க வேண்டும்; நாங்கள் போகுமுன் அவர் சூடாக்கி வைத்துவிடக் கூடாது என்பதற்காக விடிய ஐந்து மணிக்கே அங்கே நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே முதல்நாள் இரவே வந்து எங்கள் வீட்டில் படும், மாமி சாப்பாடு வைத்திருப்பா.

அன்புடன்,
உமது மாமா