ஓடையில் இருப்பவை மீன் குஞ்சுகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. இலைமேல் கால் பரப்பி அமர்ந்திருக்கும் மலபார் பறக்கும் தவளைக்கும், பாறைமேல் நின்று பின்னங்காலை நீட்டி ஆட்டும் நடனத் தவளைக்கும் ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆனால் தலைப்பிரட்டை என்ற சொல் கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் ‘பின்னர் தவளையாக மாறும்’ என்று சொல்லிக் கடந்துபோவதற்காக. இதைச் சுட்டத்தான் எழுதுகிறேன்.

நான் பட்டம் பெற்றவன் அல்லன். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டவும் சாமான் சுமக்கவும் ஆனைமலைச் சோலைகளுக்குள் போய், அவர்கள் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கியே தவளை படித்தவன்.

தவளைக் கணக்கெடுப்பு என்றாலே இரவில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்கு முழங்கால் வரை துணியுறை போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நுணல் தன் வாயால் கெடும் என்பது அங்கே நூற்றுக்கு நூறு உண்மை. குரலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறோம். ஆனால் பொதுவாகக் குரல் கொடுப்பது ஆண் மட்டும்தான், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில்தான். மழை விட்டுச் சில மாதம் கழித்துப் போனால் அதே சோலை ஊமையாகக் கிடக்கும். தலைப்பிரட்டை அப்படி இல்லை. தாய்த் தவளை முட்டையிட்டுக் காட்டுக்குள் திரும்பிப் போன பிறகும் வாரக்கணக்கில், சில இனங்களில் மாதக்கணக்கில், அது தண்ணீரிலேயே இருக்கிறது. பட்டப்பகலில் போனாலும் பார்க்கலாம். பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஓடையே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சிறு தடுப்பணை ஒன்று கட்டத் திட்டமிட்டார்கள். உயிரினங்களைப் பதிவு செய்ய ஒருவர் வந்தார். கோடைக்காலம், உச்சி வெயில். ஓடை வற்றி ஆங்காங்கே நீர் தேங்கிய பள்ளங்களான கசங்கள் மட்டும் நின்றன. ஒரு கசத்தில் கரிய கூட்டம் ஒன்று திரும்பித் திரும்பி நீந்தியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு ‘மீன் குஞ்சுகள்’ என்று எழுதினார். “சார், அவை தலைப்பிரட்டைகள்” என்றேன். “அப்படியானால் தேரைதான், தேரை எங்கேதான் இல்லை?” என்று சொல்லி அந்த வரியையே அடித்துவிட்டார். மீனாக இருந்தவரைக்குமாவது காகிதத்தில் அவற்றுக்கு ஓர் இடம் இருந்தது!

தேரையின் குஞ்சும் கருப்புதான், அதுவும் கூட்டமாகத்தான் திரியும். ஆனால் அது சிறியது. குட்டையிலும் சாலையோரப் பள்ளத்திலும் கூடப் பிழைத்துக்கொள்ளும். அன்று கசத்தில் இருந்தவை ஒவ்வொன்றும் விரல் நீளம். அவை இருநிறத் தவளையின் குஞ்சுகள். முதுகு பழுப்பாகவும் விலா கருப்பாகவும் உள்ள அந்தத் தவளை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வளர்ந்த தவளை காட்டுச் சருகுக்குள் இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. அந்தக் கோடையில் அது அங்கே வாழ்கிறது என்பதற்கு இருந்த ஆதாரம் அந்தக் கசம் ஒன்றுதான். அணை கட்டினார்கள், கசம் மண் மூடிப்போனது.

நிறத்தையும் அளவையும் மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரட்டையின் அடையாளம் பெரும்பாலும் வாயில் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கரிய அலகும், அதற்கு மேலும் கீழும் நுண்பல் வரிசைகளும் தெரியும். மேலே எத்தனை வரிசை, கீழே எத்தனை, எது நடுவில் உடைந்திருக்கிறது என்று எண்ணிக் குறிப்பார்கள். குறுவாய்த் தவளைகளின் குஞ்சுக்கு இந்தப் பல்லே கிடையாது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும் மூச்சுத் துளை அதற்கு மட்டும் வயிற்றின் நடுவில் இருக்கும். வயதும் பார்க்க வேண்டும். கோஸ்னர் என்பவர் 1960இல் தவளையின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்து வைத்தார். இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். பின்னங்கால் மொட்டு விட்டு வளரும் பருவம்தான் அடையாளம் காண ஏற்றது. முன்னங்கால் வெளிவரும் சமயத்தில் வாயின் பல்லும் அலகும் உதிர்ந்துவிடும், அப்புறம் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.

எங்கே தேடுவது என்பதும் ஒரு படிப்பு. நீர் கசியும் செங்குத்துப் பாறையில், தண்ணீரே இல்லாததுபோல் தெரியும் இடத்தில், துள்ளும் தலைப்பிரட்டைகள் உண்டு. அவை இந்திரானா என்ற தவளை வகையின் குஞ்சுகள். தங்கள் கட்டுரை புகழ்ந்த நடனத் தவளையின் குஞ்சு எங்கே இருக்கிறது என்பது 2016 வரை உலகுக்கே தெரியாது. ஓடை மணலுக்குள், இருட்டில், புழுப்போல் நெளிந்து வாழ்கிறது என்று இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து அந்த ஆண்டில்தான் எழுதினார்கள். ஆக, கட்டடத்துக்கென்று ஓடை மணலை ஒரு லோடு அள்ளினால் நடனத் தவளையின் ஒரு தலைமுறையே அதோடு போகலாம். இதற்கு நேர்மாறாக, புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை; முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். ஓடையை மட்டும் பார்ப்பவர் அவற்றைத் தவறவிடுவார் என்பதையும் நான் மறைக்கவில்லை. இரண்டும் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

பாதாளத் தவளையின் கதையைத் தங்கள் கட்டுரையாளர் பாதியில் விட்டுவிட்டார். ஊதா நிறம், பன்றி மூக்கு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாசம் என்பதெல்லாம் சரி. 2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பொசுய்ட்டும் அதற்குப் பெயர் வைத்தார்கள் என்பதும் சரி. ஆனால் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு பாய்நீரில் நிற்கும் அதன் குஞ்சை விலங்கியலாளர் நெல்சன் அன்னன்டேல் 1918 வாக்கிலேயே விவரித்து எழுதிவிட்டார். அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியத்தான் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இப்போது அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. வால் நுனியில் சிறு துண்டை ஆல்கஹாலில் போட்டு அனுப்பினால், மரபணுவை வளர்ந்த தவளையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ஃபார்மலினில் போட்டால் வாய் உறுப்பு கெடாமல் இருக்கும், ஆனால் மரபணு சிதைந்துவிடும். அதனால் இரண்டு புட்டி வேண்டும். இதெல்லாம் வனத்துறை அனுமதி பெற்றவர்கள் செய்யும் வேலை. கட்டுரையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் பாட்டிலில் பிடித்து வந்துவிடக் கூடாது. கொசு மருந்து தடவிய கையை ஓடையில் விடவும் கூடாது. ஓர் ஓடையில் நனைந்த செருப்பையும் வலையையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகவும் கூடாது. தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று அப்படிப் பரவக்கூடும்.

மலைப் பகுதி ஓடைகளில் தூர்வாருவதற்கும் தடுப்பணை கட்டுவதற்கும் முன் எடுக்கும் உயிரினப் பதிவில், தலைப்பிரட்டைக்குத் தனிப் பகுதி இருக்க வேண்டும். அதை நிரப்புபவருக்கு அதைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் வந்து பார்க்க வேண்டும். அதிகாரிகள் கண்ணில் படும்படி இதைத் தாங்கள் எழுதினால் நல்லது.

தங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த முறை தவளைப் படம் போடும்போது பக்கத்தில் அதன் தலைப்பிரட்டையையும் போடுங்கள். கண்ணாடித் தட்டில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம், வாய் தெரியும்படி அடியிலிருந்து ஒரு படம். மேலிருந்து எடுத்த படம் வேண்டாம். அதில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்படிக்கு,
கள உதவியாளர் ஒருவர்,
வால்பாறை.