வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள்

இசைச் செயலிகள் நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாதாமாதம் சந்தாவைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில் குறையில்லை.

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ட்ரையோ, அதாவது மூவர் குழு, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்த பதிவை உங்கள் செயலி ஒன்றில் கேட்டுவிட்டு, என் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, இந்த பேஸ் வாசிக்கிறவர் இப்ப எங்க கச்சேரி பண்றார்?" அவன்மேல் தப்பில்லை. ஆல்பத்துக்குக் கீழே இருந்தது மறுவெளியீட்டு வருஷம். பேஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை.

அவர் ஸ்காட் லஃபாரோ. அந்த கிளப்பில் இரண்டு வாரம் வாசித்த ட்ரையோவுக்குக் கடைசி நாள் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு சுற்று, ராத்திரி மூன்று சுற்று என ஐந்து செட். ரிவர்சைட் கம்பெனி பதிவு செய்தது. மதியம் எடுத்த எடுப்பிலேயே கரண்ட் போய்ப் பதிவு அறுந்ததுகூட 2005இல் வந்த முழுத் தொகுப்பில் கேட்கிறது. டம்ளர் மோதும் சத்தம், மேசைப் பேச்சு. அதற்கு நடுவே பியானோவுக்குப் பின்னால் நிற்காமல் அதோடு சரிக்குச் சரி பேசும் அந்த பேஸ். 11 நாள் கழித்து கார் விபத்தில் லஃபாரோ போய்விட்டார். வயது 25. அதனால்தான் முதலில் வெளியான ஆல்பத்தை அவர் இயற்றிய 'க்ளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி, அவருடைய 'ஜேட் விஷன்ஸ்'இல் முடித்தார்கள். அவருக்காகவே அடுக்கிய வரிசை அது. அதையும் உங்கள் செயலி தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போடுகிறது.

பெயரைப் போடுங்கள். யார், என்ன வாத்தியம், எந்த இடம், எந்தத் தேதி. பழைய எல்பி இசைத்தட்டு அட்டையின் பின்பக்கத்திலேயே இதற்கெல்லாம் இடம் இருந்தது.

தமிழ் சினிமாப் பாட்டு என்றால் இன்னும் விசேஷம். வாயசைத்த நடிகருக்குப் பெயரும் உண்டு, படமும் உண்டு. புல்லாங்குழல் வாசித்தவருக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் மழைக்கு ஒரு ஜாஸ், தூக்கத்துக்கு ஒரு ஜாஸ், காபிக்கு ஒரு ஜாஸ் என்று பட்டியல் போட மட்டும் உங்களிடம் ஆள் இருக்கிறது!

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டுவிடுகிறேன். வாசித்தவர்களின் பெயரையும் பதிவான தேதியையும் ஆல்பத்தின் முகப்பிலேயே, தேடாமல் கண்ணில் படுகிற மாதிரி, தயவுசெய்து போடுங்கள். பேஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன் என்று இந்த ஆல்பத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
சந்தாதாரர்களில் ஒருவன்