அந்தக் கோப்புகளைப் பிள்ளைகளின் குடும்பங்களிடம் கொடுங்கள்

பிரிட்டனிலிருந்து கனடாவுக்குச் சிறுவர்களை அனுப்பிய தொண்டு நிறுவனங்களின் இன்றைய அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

1869இல் மரியா ரை என்ற ஆங்கிலேய அம்மையார் பிள்ளைகளின் முதல் கூட்டத்தைக் கனடாவின் நயாகரா-ஒன்-த-லேக் ஊருக்கு அழைத்து வந்தார். அதிலிருந்து 1948 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பெற்றோர் துணையில்லாமல் உங்கள் நிறுவனங்கள் கனடாவுக்குக் கப்பலேற்றின. ஏழைப் பிள்ளைகளுக்காக டாக்டர் பர்னார்டோ தொடங்கிய இல்லங்கள் மட்டும் அனுப்பியது சுமார் 30,000 பேர். பையன்கள் பண்ணை வேலைக்கு, பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கு. இங்கே கனடாவில் அவர்களை 'ஹோம் சில்ட்ரன்', அதாவது இல்லத்துப் பிள்ளைகள், என்பார்கள். என் சம்பந்தியம்மாவின் அப்பா அவர்களில் ஒருவர். என் மகன் அந்த வீட்டில் பெண் எடுத்ததால் என் பேரப்பிள்ளைகளுக்கு அவர் பூட்டன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கோப்புகளைக் கேட்டு, அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அவர் 1920களின் தொடக்கத்தில் பதினொரு வயதில் வந்தவர். தன் பிள்ளைகளிடம் அவர் சொன்னதெல்லாம் "எனக்கு யாரும் இல்லை" என்பது மட்டும்தான். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, நானும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்து அவரைத் தேடத் தொடங்கினோம். கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் 'ஹோம் சில்ட்ரன்' பெயர்களைத் தொகுத்து வைத்திருப்பதால் கப்பலும் வந்திறங்கிய நாளும் சீக்கிரமே கிடைத்துவிட்டன. 1920க்கும் 1932க்கும் இடையில் கனடாவின் குடிவரவு அதிகாரிகள் பண்ணை பண்ணையாகப் போய் எழுதிய அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் அவருடையதும் இருந்தது. எந்த விவசாயியிடம் இருந்தார், எங்கே மாற்றப்பட்டார் என்று தெரிந்தது. 2023இல் வெளியான 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவர் கூலியாளாகப் பதிவாகியிருக்கிறார்.

அப்புறம் 2022இல் வெளியான இங்கிலாந்தின் 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைப் பார்த்தோம். லண்டனின் கிழக்கே ஒரே அறையில் அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறார். கூடவே ஒரு தங்கை.

அனுப்பப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அநாதைகள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கணவனை இழந்த அம்மா, வேலையில்லாத அப்பா, நோய், வாடகை பாக்கி என்று ஏதோ ஒரு நெருக்கடியில், கொஞ்ச நாளைக்கு என்று நினைத்து இல்லத்தில் விட்டவர்கள் பலர். பிள்ளை கனடா போன செய்தியே சிலருக்குக் கப்பல் புறப்பட்ட பிறகுதான் போய்ச் சேர்ந்தது. சம்பந்தியம்மாவின் பாட்டிக்கு என்ன சொல்லப்பட்டது? அவர் ஏதாவது எழுதிக் கேட்டாரா? மகனுக்குக் கடிதம் போட்டாரா? அது அவன் கைக்குப் போனதா? இதற்கெல்லாம் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் பதில் இல்லை. சேர்க்கும்போது எழுதிய குடும்ப வரலாறு, அன்று எடுத்த புகைப்படம், பண்ணைக்குப் போய்ப் பார்த்தவரின் அறிக்கை, வந்த கடிதங்கள் எல்லாம் இருப்பது உங்கள் கோப்பில்.

அந்தக் கோப்பைக் கேட்டோம். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப்போவதில்லை, இது ஒரே ஒரு நிறுவனத்தின் குறை அல்ல. கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். வந்த பிரதியில் தங்கையின் பெயர் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தது. தனியுரிமையாம். இன்று உயிரோடிருந்தால் நூறு வயதைத் தாண்டியிருக்கும் ஒரு பெண்ணின் பெயரை அவளுடைய சொந்த அண்ணன் மகளிடமிருந்து மறைப்பது எந்த வகை நியாயம்? அம்மாவிடமிருந்து 'ஒரு கடிதம் பெறப்பட்டது' என்று ஒரு வரி குறிப்பில் இருக்கிறது. கடிதம் இல்லை.

கோப்பைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகளைப் பண்ணைகளில் விட்ட பிறகு யாரும் சரியாகப் போய்ப் பார்ப்பதில்லை என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அதிகாரி ஆண்ட்ரூ டாயில் 1875லேயே எழுதிவிட்டார். இருபது வருடம் கழித்து, 1895 நவம்பரில், ஒன்ராறியோவின் ஓவன் சவுண்டுக்கு அருகே ஒரு பண்ணையில் ஜார்ஜ் கிரீன் என்ற பர்னார்டோ பையன் செத்துப்போனான். அந்த வருடம்தான் கனடா வந்தவன். உடம்பெல்லாம் காயம். அவனை வேலைக்கு வைத்திருந்த பெண் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தார்கள். எச்சரிக்கை இருந்தும் அவனைக் காப்பாற்ற யாரும் போகவில்லை. ஜார்ஜ் கிரீன் விஷயம் நீதிமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் போனதால் நமக்குத் தெரிகிறது. மற்றவர்களுக்கு என்ன நடந்தது, உங்கள் ஆட்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்த்தும் எழுதாமல் விட்டார்கள் என்று அறிய அந்தக் குடும்பங்களுக்கு உங்கள் காகிதங்களை விட்டால் வேறு வழியில்லை.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2010 பெப்ரவரியில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2017இல் கனடா நாடாளுமன்றத்தின் கீழவையும் ஒரு தீர்மானத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டது. அப்புறம் பிரிட்டிஷ் அரசாங்கம் ஆளுக்கு 20,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. ஆனால் 2018 மார்ச் 1ஆம் தேதி உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும். ஆஸ்திரேலியாவுக்குப் பிள்ளைகள் போனது 1970 வரை நடந்ததால் அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. கனடாவுக்கு வந்தவர்களில் அனேகமாக எல்லோரும் அதற்குள் மண்ணுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நீங்கள் திருப்பிக் கொடுக்கக்கூடியது என்று மிச்சமிருப்பது இந்தக் கோப்பு மட்டும்தான். அதற்கும் விலை வைக்கலாமா?

பழைய ஆவணங்களைப் பராமரிக்கவும் தேடி எடுக்கவும் ஆளும் பணமும் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அந்தச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். சேவை என்ற பெயரில் அந்தப் பையனை அனுப்பியது நிறுவனம்தான், அவன் மகள் அல்ல. ரொறன்ரோவின் பார்க் லோன் இடுகாட்டில் 75 ஹோம் சில்ட்ரன் கல்லில்லாத குழிகளில் கிடந்தார்கள். அவர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்து, பணம் திரட்டி, 2017இல் நினைவுக்கல் வைத்தவர்கள் தன்னார்வலர்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் அவர்களால் முடிந்திருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். மகன், மகள், பேரன், பேத்தி, பூட்டப்பிள்ளை யார் வந்து கேட்டாலும் கட்டணம் வாங்காதீர்கள். வயதானவர்களின் விண்ணப்பத்தை வரிசையில் முன்னால் எடுங்கள். நூறு வருடம் கடந்த பெயர்களைக் குடும்பத்தாரிடமிருந்து மறைக்காதீர்கள். மூடிப்போன சிறு இல்லங்களின் பதிவேடுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பிள்ளைகளின் கையில் சேர்க்கப்படாத கடிதங்கள் கோப்புகளில் இருந்தால், பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு மூலத்தை அனுப்புங்கள். அம்மா மகனுக்கு எழுதியது அது.

சம்பந்தியம்மாவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. தன் அப்பாவின் கோப்பை மறைப்பில்லாமல் தரச் சொல்லி அவர் அனுப்பிய இரண்டாவது விண்ணப்பம் உங்களில் ஒருவரின் அலுவலகத்தில் கிடக்கிறது. பதிலை அவருக்கே எழுதுங்கள், எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஹோம் சைல்டின் சம்பந்தி வீட்டார்
ஸ்காபரோ, ஒன்ராறியோ